குழந்தைகளுக்கு வரும் மருவும் பாலுண்ணியும்: வீட்டில் செய்யக்கூடியவை, மருத்துவரிடம் விடவேண்டியவை

குழந்தையைக் குளிப்பாட்டும்போது விரலிலோ பாதத்திலோ அக்குளிலோ புதிதாக ஏதோ முளைத்திருப்பதைக் கண்டதும், அன்று மாலையே அதை எடுத்துவிட வேண்டும் என்று பெற்றோர் பலர் கிளம்பிவிடுகிறார்கள். அந்த அவசரம் தேவையில்லை. குழந்தைகளின் தோலில் வைரஸால் உண்டாகும் வளர்ச்சிகளில் பெரும்பாலானவை இரண்டே வகைக்குள் அடங்கிவிடும். இரண்டுமே உயிருக்கு ஆபத்தில்லாதவை. உடலின் எதிர்ப்பாற்றல் அந்த வைரஸை அடையாளம் கண்டுகொண்டதும் இரண்டுமே தாமாக மறையக்கூடியவை. ஆகவே, நாம் செய்யும் எந்தச் சிகிச்சையும் நோய் தரும் தொல்லையைவிட அதிக வலியையும் நிலையான தழும்பையும் குழந்தைக்குத் தந்துவிடக் கூடாது என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டியைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் எது என்று அடையாளம் காணுங்கள்

பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் குழந்தையை உட்கார வைத்து நிதானமாகப் பாருங்கள். கைபேசியில் நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் வெறுங்கண்ணுக்குத் தப்பியவையும் தெரியும். அதே படம் பின்னால் மருத்துவரிடம் காட்டவும், மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். ஊருக்கு ஊர் இரண்டு வகையையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் இருப்பதால், இக்கட்டுரையில் சொரசொரப்பானதை மரு என்றும், வழவழப்பானதைப் பாலுண்ணி என்றும் குறிப்பிடுகிறேன். பாலுண்ணியை மருத்துவர்கள் தங்கள் சீட்டில் ‘மொலஸ்கம்’ என்று எழுதுவார்கள்.

மரு கெட்டியாகவும், தொட்டால் சொரசொரப்பாகவும் இருக்கும். விரல்களின் மேற்புறம், நகத்தைச் சுற்றியுள்ள சதை, முழங்கால், உள்ளங்கால் ஆகியவை அது விரும்பி வரும் இடங்கள். அதன் மேற்புறத்தைச் சற்றே தேய்த்தெடுத்தால் உள்ளே கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவற்றை வேர் என்று எண்ணிக் கிள்ளி எடுக்க முயல்வோர் உண்டு. உண்மையில் அவை மருவுக்குள் வளர்ந்து, இரத்தம் உறைந்து அடைபட்டுப்போன நுண்ணிய இரத்தக்குழாய்கள். மருவுக்கு வேர் என்று ஒன்று கிடையாது. அது மேல்தோலுக்குள்ளேயே நிற்கும் வளர்ச்சி என்பதால், ஆழமாகத் தோண்டுவதில் எந்தப் பயனும் இல்லை.

உள்ளங்காலில் வரும் மருவை உடல் எடை அழுத்திக்கொண்டே இருப்பதால் அது வெளியே புடைக்காமல் உள்நோக்கிப் பதிந்து, கால் ஆணியைப் போலத் தோன்றும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. பாதத்தின் ரேகைகள் கால் ஆணியின் மேல் தொடர்ந்து செல்லும்; மருவின் விளிம்பில் அறுபட்டு நின்றுவிடும். நேராக அழுத்தும்போது அதிகம் வலித்தால் பெரும்பாலும் ஆணி. இருபுறமும் விரல்களால் சேர்த்துப் பிடித்துப் பிதுக்கும்போது அதிகம் வலித்தால் பெரும்பாலும் மரு. குழந்தைகளுக்குக் கால் ஆணி அவ்வளவாக வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பாலுண்ணி இதிலிருந்து தெளிவாக வேறுபடும். தோலின் நிறத்திலோ சற்று வெளுத்தோ, முத்துப்போலப் பளபளப்பாக, பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்தில், உருண்டையாக எழும்பியிருக்கும். அதன் உச்சியில் தொப்புள்போல ஒரு சிறு குழி இருப்பதே முக்கிய அடையாளம். மிகச் சிறியவற்றில் அந்தக் குழி எளிதில் தெரியாது. கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து குழி புலப்படும். மார்பு, வயிறு, அக்குள், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், முகம் ஆகிய இடங்களில் இரண்டு மூன்றாகத் தொடங்கிப் பத்து, இருபது என்று பெருகும். ஒன்று முதல் பத்து வயதுக்குள் உள்ள குழந்தைகளிடம் அதிகம் காணப்படும். காய்ச்சலோடு ஓரிரு நாளில் உடலெங்கும் நீர்க்கொப்புளம் எழும்பினால் அது அம்மையாக இருக்கலாம். பாலுண்ணி காய்ச்சலைத் தருவதில்லை, வாரக்கணக்கில் மெதுவாகவே கூடும்.

எங்கிருந்து வந்தது

மருவை உண்டாக்குவது மனிதப் பாப்பிலோமா வைரஸ். இந்தக் குடும்பத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. கையிலும் காலிலும் மருவைத் தருபவை பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 ஆகிய வகைகள்; கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடர்புடைய 16, 18 ஆகியவை வேறு. வைரஸின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, மகளின் விரலில் உள்ள மரு புற்றுநோயாகிவிடுமோ என்று தூக்கமிழக்கும் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொண்டால் நிம்மதி அடையலாம். அதேபோல, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி அவசியமானதுதான் என்றாலும், கையிலும் காலிலும் வரும் சாதாரண மருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டதன்று. பாலுண்ணிக்குக் காரணம் பெரியம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ். அது மேல்தோலைத் தாண்டி இரத்தத்துக்குள் செல்வதில்லை.

இரண்டும் நேரடித் தொடுகையாலும், ஒரே துண்டைப் பயன்படுத்துவதாலும், சொறிந்த கையால் வேறிடத்தைத் தொடுவதாலும் பரவுகின்றன. தொற்றிய நாளுக்கும் கண்ணுக்குத் தெரியும் நாளுக்கும் இடையே மருவுக்குச் சில மாதங்கள், பாலுண்ணிக்கு இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தையிடமிருந்து வந்ததா, நீச்சல் வகுப்பில் ஒட்டிக்கொண்டதா என்று துப்புத் துலக்குவது வீண் வேலை. அதனால் உறவுகள்தான் கசக்கும்.

சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

குழந்தைகளின் மருக்களில் சுமார் பாதி ஓராண்டுக்குள்ளும், மூன்றில் இரண்டு பங்கு இரண்டு ஆண்டுகளுக்குள்ளும் எந்த மருந்தும் இல்லாமல் மறைகின்றன. பாலுண்ணி பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 முதல் 18 மாதங்களுக்குள் முற்றிலும் போய்விடுகிறது. சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். தானாக மறையும்போது இரண்டுமே பொதுவாகத் தழும்பு விடுவதில்லை. எனவே வலியில்லாமல், மறைவான இடத்தில், எண்ணிக்கையில் குறைவாக இருந்து, குழந்தையும் அதைப் பொருட்படுத்தாமல் விளையாடிக்கொண்டிருந்தால், காத்திருப்பதும் முறையான மருத்துவ முடிவுதான்.

நடக்கும்போது வலித்தாலோ, எழுதும் விரலில் இருந்து தொல்லை கொடுத்தாலோ, எண்ணிக்கை வேகமாகக் கூடினாலோ, பள்ளியில் மற்ற குழந்தைகள் கேலி செய்து இவர்கள் கையை மறைத்துக்கொள்ளத் தொடங்கினாலோ சிகிச்சையைத் தொடங்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தைச் சிறியது என்று தள்ளிவிடாதீர்கள். வகுப்பில் கைதூக்கிப் பதில் சொல்லத் தயங்கும் அளவுக்குக் குழந்தை குறுகிப்போனால், அந்த மரு சிகிச்சைக்கு உரியதே.

மருவுக்கு வீட்டில் செய்யும் சிகிச்சை

மருவுக்கு நீண்ட காலமாகச் சோதிக்கப்பட்டு, பயன் உறுதிப்பட்ட வீட்டு மருந்து சாலிசிலிக் அமிலம். நம் ஊர் மருந்துக் கடைகளில் சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் சுமார் 16.7 சதவீதம் வீதம் கலந்து, காய்ந்ததும் படலமாகும் கொலோடியன் என்ற திரவத்தில் கரைத்துச் சிறு குப்பிகளில் விற்கிறார்கள். இது வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் குடியிருக்கும் தடித்த தோலை அடுக்கடுக்காகக் கரைத்தெடுப்பதோடு, அவ்விடத்தில் ஏற்படும் சிறு எரிச்சலால் உடலின் எதிர்ப்பாற்றலையும் அங்கே வரவழைக்கிறது. ஒருமுறை தோல் மருத்துவரோ குழந்தை மருத்துவரோ பார்த்து மருதான் என்று உறுதி செய்த பிறகு தொடங்குவதே நல்லது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் இதைப் போடாதீர்கள். முகம், பிறப்புறுப்பு, வாயோரம், மச்சம், புண்பட்ட தோல் ஆகிய எவற்றிலும் இது படக் கூடாது; நீரிழிவு உள்ள குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

இரவு உறங்கப்போகும் முன் செய்வது வசதியானது. முதலில் மரு உள்ள விரலையோ காலையோ வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நீரின் சூட்டை உங்கள் மணிக்கட்டில் சோதித்துப் பார்த்துவிட்டே குழந்தையின் காலை வைக்கவேண்டும். ஊறியதும் மருவின் மேற்புறம் வெளுத்து, மெத்தென்று ஆகியிருக்கும். துண்டால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, நகம் தேய்க்கும் அட்டையாலோ சிறு துண்டு உப்புத்தாளாலோ அந்த வெண்மையான செத்த தோலை மட்டும் மெதுவாகத் தேய்த்தெடுங்கள். சுண்ணாம்புத் தூள்போல வெண்துகள் உதிர்ந்துகொண்டிருக்கும் வரை தேய்க்கலாம். குழந்தை காலை இழுத்துக்கொண்டாலோ இளஞ்சிவப்பு தெரிந்தாலோ அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். இரத்தம் கசியும் அளவுக்குத் தேய்த்தால் குழந்தைக்கு வலிப்பதோடு, வைரஸை அக்கம்பக்கத்துத் தோலுக்கும் பரப்பியதாகிவிடும். அந்த அட்டையை வேறு எவரும், வேறு எதற்கும் பயன்படுத்தாதபடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலின்மேல் வாஸ்லினை ஒரு வளையமாகத் தடவுங்கள். இந்தப் படியைப் பலர் தவிர்த்துவிடுவதால்தான் ‘மருந்து போட்டதும் சுற்றிலும் வெந்துவிட்டது’ என்ற புகார் எழுகிறது. பிறகு குப்பியோடு வரும் குச்சியாலோ தூரிகையாலோ ஒரே ஒரு சொட்டு மருந்தை மருவின் நடுவில் வைத்து, காயும் வரை குழந்தை அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதை சொல்வதற்கு ஏற்ற நேரம் அது. ஓரிரு நிமிடத்தில் வெண்மையான மெல்லிய படலம் உருவாகும். அதன்மேல் ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றைப் போட்டுவிட்டால் மருந்து இரவு முழுவதும் நன்றாக ஊடுருவும். காலையில் பிளாஸ்டரை எடுத்துவிட்டு வழக்கம்போல் கழுவலாம். மறுநாள் இரவு பழைய படலத்தை ஊறவைத்து உரித்துவிட்டு மறுபடியும் செய்யவேண்டும்.

கொலோடியன் எளிதில் தீப்பற்றும். அடுப்பருகிலோ, சாமி விளக்கு எரியும் இடத்திலோ, கொசுவர்த்தி புகையும் அறையிலோ இதைத் திறக்காதீர்கள். மூடியை உடனே இறுக மூடி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறிக் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். உடலெங்கும் பல மருக்கள் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் போடுவதும் தவறு. சாலிசிலிக் அமிலம் தோல் வழியாக உடலுக்குள் சேரக்கூடியது.

இந்த மருந்து வேலை செய்ய நாளாகும். நாள்தோறும் விடாமல் 12 வாரம் வரை போட்டுவரவேண்டும். முதல் வாரத்தில் மாற்றம் எதுவும் தெரியாது. இரண்டு, மூன்று வாரம் கழித்து மரு தட்டையாகி, கறுப்புப் புள்ளிகள் இன்னும் தெளிவாகத் தெரியத் தொடங்கும். அதைப் பார்த்து நிலைமை மோசமாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். மேலடுக்குகள் கரைந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். எரிச்சல் அதிகமானால் இரண்டு, மூன்று நாள் விட்டுவிட்டு, தோல் அமைதியானதும் மீண்டும் தொடருங்கள். புள்ளிகள் மறைந்து, தோலின் இயல்பான ரேகைகள் அந்த இடத்தைக் கடந்து தொடர்ந்து ஓடும்போது மரு போய்விட்டது என்று கொள்ளலாம். என் பார்வையில், வீட்டுச் சிகிச்சை தோற்றுப்போவதற்கு மருந்தைவிட நாம் நடுவில் விட்டுவிடுவதே பெரிய காரணம். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் பயனில்லை என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பாலுண்ணிக்கு வீட்டில் செய்யவேண்டியவை

சாலிசிலிக் அமிலத்தைப் பாலுண்ணிக்கும் நீங்களாகவே போட்டுவிடாதீர்கள். பாலுண்ணி வரும் அக்குள், மடிப்பு, முகம் ஆகிய இடங்களின் தோல் மெல்லியது. அங்கே அமிலம் புண்ணை உண்டாக்கும். வீட்டில் உங்கள் வேலை, அது பரவாமலும் புண்ணாகாமலும் பார்த்துக்கொள்வதுதான்.

குழந்தையின் நகங்களை வாரம் ஒருமுறை ஒட்ட வெட்டுங்கள். பாலுண்ணியைச் சொறியும்போது அது நகத்தின் கோட்டிலேயே வரிசையாக முளைப்பதைப் பல குழந்தைகளிடம் காணலாம். தோல் வறண்டு அரிப்பெடுத்தால் குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ மணமற்ற ஈரப்பதக் களிம்போ தடவுங்கள். கரப்பான் எனப்படும் ஒவ்வாமைத் தோல் நோய் உள்ள குழந்தைக்குப் பாலுண்ணி அதிகமாகப் பரவும். அத்தகைய குழந்தைக்கு முதலில் அந்த அரிப்பை அடக்க மருத்துவர் தரும் மருந்தை முறையாகப் போடுவதே பாலுண்ணிக்கும் நல்ல சிகிச்சை. பாலுண்ணியைப் பிதுக்கினால் உள்ளிருந்து வெண்மையான, மாவுபோன்ற ஒரு துணுக்கு வெளிவரும். அதில்தான் வைரஸ் நிறைந்திருக்கிறது. ஆகவே பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். ஆடை மறைக்கும் இடமானால் அதுவே போதும். உரசும் இடமானால் ஒரு பிளாஸ்டர் போடலாம்.

பல மாதம் அமைதியாக இருந்த பாலுண்ணிகள் திடீரென்று ஒருநாள் சிவந்து, வீங்கி, அரிக்கத் தொடங்கலாம். பெற்றோர் பெரும்பாலும் சீழ்பிடித்துவிட்டது என்று பயந்து, மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பல வேளைகளில் அது உடலின் எதிர்ப்பாற்றல் வைரஸைக் கண்டுபிடித்துத் தாக்கத் தொடங்கியதன் அறிகுறி. அடுத்த சில வாரங்களில் அவை சுருங்கி உதிர்ந்துவிடும். காய்ச்சல் இல்லாமல், குழந்தை வழக்கம்போல் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால் காத்திருந்து பார்க்கலாம். சிவப்பு நாளுக்கு நாள் சுற்றிலும் பரவினால், தொட முடியாமல் வலித்தால், சூடாக இருந்தால், சீழ் ஒழுகினால், காய்ச்சல் வந்தால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவரிடம் என்ன செய்வார்கள்

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. இதுவரை போட்ட களிம்புகள் எல்லாவற்றையும், பெயர் மறந்துபோயிருந்தால் காலிக் குழாய்களோடு, எடுத்துச் செல்லுங்கள். என்ன சிகிச்சை, எத்தனை முறை, வலிக்குமா, நிறமாற்றமோ தழும்போ ஏற்படுமா, செய்யாமல் விட்டால் என்னாகும் என்ற ஐந்தையும் கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார்.

மருவுக்குத் திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் சிகிச்சை பரவலாகச் செய்யப்படுகிறது. சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் குளிரில் உள்ள அந்தத் திரவத்தை மருவின்மேல் சில நொடிகள் பீய்ச்சுவார்கள். இரண்டு, மூன்று வார இடைவெளியில் பல முறை செல்லவேண்டியிருக்கும். செய்யும்போதும் பிறகு சில மணி நேரமும் சுரீரென்று வலிக்கும், மறுநாள் கொப்புளம் எழலாம். அதனால் சிறு குழந்தைகளுக்கு இதைத் தவிர்ப்பதே வழக்கம். நம்மைப்போன்ற மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் உள்ள தோலில் இது வெளுத்த திட்டையோ கருத்த தழும்பையோ மாதக்கணக்கில் விட்டுவைக்கக்கூடும். உள்ளங்கால் மருவைப் பொறுத்தவரை, உறையவைப்பதையும் 50 சதவீதச் சாலிசிலிக் அமிலத்தையும் ஒப்பிட்டு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரத்தில் முற்றிலும் குணமானவர்கள் இரண்டு பிரிவிலும் சுமார் 14 சதவீதமே. ஆகவே, வலிமிகுந்த சிகிச்சைதான் பலன்மிக்கது என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

மின்சூட்டால் சுட்டு எடுப்பது ஒரே நாளில் முடிந்துவிடுவதால் பெற்றோர் பலர் அதையே கேட்கிறார்கள். சுட்ட இடத்தின் விளிம்பில் மரு மீண்டும் முளைப்பதுண்டு. உள்ளங்காலில் சுட்டால் உண்டாகும் தழும்பு, நடக்கும்போதெல்லாம் வலிக்கும் நிலையான தொல்லையாகவும் மாறலாம். வளரும் குழந்தையின் பாதத்தில் இதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல இடங்களில் பிடிவாதமாக நிற்கும் மருக்களுக்கு, அவற்றில் ஒன்றிரண்டுக்குள் எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) தடுப்பூசி மருந்தையோ வைட்டமின் டி3-யையோ செலுத்தி உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் முறையும் நம் நாட்டுத் தோல் மருத்துவர்களிடையே வழக்கத்தில் உள்ளது.

பாலுண்ணிக்கு, மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவிக் காத்திருந்து, பிறகு கியூரெட் என்னும் சிறு கரண்டி வடிவக் கருவியால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுப்பது பழைய முறை. மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் அந்தக் களிம்பைத் தடவிவிடாதீர்கள். கைக்குழந்தைகளுக்கு அது அளவுமீறினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே பாதிக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை மருத்துவரின் சொற்படி வீட்டில் தொட்டு வைக்கும் முறையும் இங்கு உண்டு. அமெரிக்காவில் மருத்துவர் கையால் மட்டும் போடப்படும் கேந்தாரிடின் மருந்துக்கு 2023-இலும், வீட்டில் தடவும் பெர்டாசைமர் களிம்புக்கு 2024-இலும் பாலுண்ணிக்கென்றே ஒப்புதல் கிடைத்தது. இமிகுவிமோட் களிம்பை இன்னும் சிலர் பாலுண்ணிக்கு எழுதித் தருகிறார்கள். குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனைகளில் அது மருந்து கலக்காத வெறும் களிம்பைவிட மேலான பலனைத் தரவில்லை.

செய்யவே கூடாதவை

சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மருவின்மேல் வைக்கும் பழக்கம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. இரண்டும் நீரில் சேரும்போது காஸ்டிக் சோடா உருவாகிறது. அது மருவை மட்டும் அரித்துவிட்டு நிற்பதில்லை. நல்ல தோலையும் ஆழமாக வேகவைக்கும். கள்ளிப்பாலும் அம்மான் பச்சரிசிப் பாலும் தோலில் எரிச்சலை உண்டாக்கும். அவற்றைத் தடவிய விரலால் குழந்தை கண்ணைக் கசக்கினால் பார்வைக்கே ஆபத்து. ஊதுபத்தியால் சுடுவது, முடியால் இறுகக் கட்டுவது, பிளேடால் சீவுவது, பேட்டரி அமிலத்தைத் தொட்டு வைப்பது ஆகிய எல்லாமே குழந்தையைக் காயப்படுத்தும் செயல்கள். பெரியவர்கள் அன்பினால் சொல்கிறார்கள் என்றாலும், பணிவோடு மறுத்துவிடுங்கள்.

வைத்தீஸ்வரன் கோயில் போன்ற தலங்களில் மருவுக்காக உப்பும் மிளகும் செலுத்தும் வேண்டுதல் நெடுங்காலமாக இருக்கிறது. குழந்தையின் தோலுக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. பாட்டியின் மனநிறைவுக்காகத் தாராளமாகச் செய்யலாம். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்புகள்தான் அதைவிடக் கவலைக்குரியவை. அவை அந்த இடத்தின் எதிர்ப்பாற்றலை அடக்கிவிடுவதால் மருவும் பாலுண்ணியும் தடையின்றிப் பரவ இடமுண்டு.

பள்ளி, நீச்சல், வீடு

மருவுக்காகவோ பாலுண்ணிக்காகவோ குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கத் தேவையில்லை. ஆசிரியர் தயங்கினால் மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள். நீச்சலுக்கும் செல்லலாம். நீர் புகாத பிளாஸ்டரால் மூடி, குளத்தின் ஓரத்திலும் உடைமாற்றும் அறையிலும் செருப்பணியச் சொல்லுங்கள். வீட்டில் ஆளுக்கொரு துண்டு வையுங்கள். உடன்பிறந்தவர்களைச் சில மாதம் தனித்தனியாகக் குளிப்பாட்டுங்கள். நகம் கடிக்கும் பழக்கமுள்ள குழந்தைக்கு விரல் மரு உதட்டுக்கும், ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கும் பரவும் என்பதால் அந்தப் பழக்கத்தைத் திட்டாமல் மெல்ல விடச்செய்யுங்கள்.

தாமதிக்காமல் காட்டவேண்டியவை

இமையின் ஓரத்தில் பாலுண்ணி வந்து கண் சிவந்துகொண்டே இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டவேண்டும். முகத்தில் வரும் எந்த வளர்ச்சிக்கும் வீட்டு மருத்துவம் வேண்டாம். எளிதில் இரத்தம் கசிகிற, வேகமாக வளர்கிற, நிறம் மாறுகிற வளர்ச்சி வேறு நோயாக இருக்கலாம். உடலெங்கும் கணக்கில்லாமல் பரவினாலோ, வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருந்தாலோ, குழந்தை அடிக்கடி நோய்வாய்ப்பட்டாலோ, புற்றுநோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவர் விரிவாகச் சோதிப்பார்.

பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் வருவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அங்கே பாலுண்ணி வருவது குழந்தையின் கையாலேயே பரவியதாக இருக்கலாம்; சிறு குழந்தையின் மரு பிரசவத்தின்போது தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஆயினும் மருத்துவர் குழந்தையின் பாதுகாப்பைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பார். அது அவருடைய கடமை, உங்கள்மீது சுமத்தும் பழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கே ஐயம் இருந்தால் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

மறைந்த பிறகு

மரு போன இடத்தில் சில மாதம் கருமையோ வெளுப்போ நிற்கலாம். நாளடைவில் அது தோலோடு கலந்துவிடும், அதற்கென்று நிறம் வெளுக்கும் களிம்பு எதையும் வாங்கவேண்டாம். தேய்க்கப் பயன்படுத்திய அட்டையைக் குப்பையில் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மீண்டும் முளைத்தால் சிறியதாக இருக்கும்போதே அதே ஊறவைத்தல், தேய்த்தல், ஒரு சொட்டு மருந்து என்ற வரிசையைத் தொடங்கிவிடலாம். அப்போது பெரும்பாலும் முன்பைவிடக் குறைந்த நாளில் முடிந்துவிடும்.